துணை விமானி பாவாயியின் மேகம்

பதினோராவது விமானக் கம்பெனியும் "உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி, இடம் இருந்தால் தெரிவிக்கிறோம்" என்று பாவாயியின் கைபேசிக்குச் செய்தி அனுப்பிய மாசி மாதத்து வியாழக்கிழமை, பதினொன்றே கால் மணிக்கு, ஊத்துக்கரடு பஸ் நிறுத்தத்தில் ஒரு மேகம் இறங்கி வந்து அவள் தலைக்கு மேலே நின்றது. அப்படியொன்றும் பெரிய மேகமில்லை, வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி அளவு இருக்கும், நீலம் போட மறந்த வேட்டியின் நிறம், பனைமர உயரத்துக்கு இறங்கியதும் இதற்குக் கீழே வரமாட்டேன், மேலேயும் போகமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுகொண்டது. பாவாயி அதைப் பார்க்கவில்லை. அவள் செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு தடவை படித்தாள், மாறிவிடுமோ என்று மூன்றாவது தடவையும் படித்தாள், பிறகு பஸ்ஸுக்குக் காத்திராமல் வீட்டைப் பார்த்து நடந்தாள், மேகமும் கூடவே நடந்தது.

டீக்கடை வெங்கிடுபதிதான் முதலில் கண்டார். "அம்மணி, உன்ற தலைக்கு மேல ஒரு மேகம் நிக்குதாட்ட இருக்குது" என்றார். "இருந்துட்டுப் போவுதுங்" என்றாள் பாவாயி. பதினோரு கம்பெனியும் கைவிரித்துவிட்ட பெண்ணுக்கு மேகமெல்லாம் ஒரு பொருட்டா? வெங்கிடுபதியும் பாலைக் கிளறப் போய்விட்டார்.

ஊத்துக்கரட்டுக்காரர்கள் அப்படித்தான், எதற்கும் வாயைப் பிளக்க மாட்டார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் மொட்டைக் கரட்டின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. வீட்டுக்கொருத்தர் போர்வெல் லாரியில் ஏறி, சத்தீஸ்கர் என்றும் ராஜஸ்தான் என்றும் கடல் தாண்டி ஆப்பிரிக்கா என்றும் போய், கண்டவர் நிலத்திலெல்லாம் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் திரும்புவார்கள். திரும்பி வந்தால் குளிக்கத் தண்ணீர் இருக்காது. ஊத்துக்கரட்டில் ஆயிரத்து இருநூறு அடி போட்டாலும் புழுதிதான் வரும். நாட்டுக்கே தண்ணீர் எடுத்துக் கொடுப்பவர்களுக்குச் சொந்த ஊரில் ஒரு சொம்பு தண்ணீர் இல்லை என்கிற விசித்திரத்தையே மூன்று தலைமுறையாகச் சகித்துக்கொண்டவர்கள், ஒரு பெண்ணின் தலைக்கு மேல் மேகம் நிற்பதற்கா அசந்துபோவார்கள்?

பாவாயியின் அப்பா அத்தியப்பனும் அந்த லாரிகளில் முப்பது வருஷம் துளை போட்டவர்தான். மகள் ஆறாம் வகுப்பில் விமானம் ஓட்டப் போகிறேன் என்று சொன்னபோது சரி என்றார், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் அதையே சொன்னபோது இருந்த மானாவாரிக் காட்டை விற்றுப் படிக்க வைத்தார். அவள் இருநூறு மணி நேரம் பறந்து உரிமம் வாங்கி ஆறு வருஷம் ஆகிவிட்டது. அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம் என்று ஒவ்வொரு கம்பெனியும் அவளை அடுத்த கம்பெனிக்குத் தள்ளிவிட்டது. வருஷா வருஷம் உடல் பரிசோதனை, பறப்புத் தேர்வு என்று உரிமத்தைச் சாகவிடாமல் வைத்திருந்தாள், மீதி நேரத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். இந்த வருஷமும் கிடைக்காவிட்டால் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை, விட்டுவிடுவது என்று தனக்குள் முடிவு செய்திருந்தாள், அதை அப்பாவிடம் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

மேகத்துக்கு ஒழுங்கு இருந்தது. அவள் வெளியே போனால் கூடவே போகும், வீட்டுக்குள் போனால் கூரைக்கு மேலே நின்றபடி காத்திருக்கும், சாயந்திரம் நாலு மணி அடித்தால் கால் மணி நேரம் பெய்யும், பெய்து முடித்ததும் கொஞ்சம் மெலிந்துபோய், விடிவதற்குள் பழையபடி உப்பிக்கொள்ளும். முதல் நாள் பக்கத்து வீட்டு வத்தல் நனைந்து சண்டை வந்தது. இரண்டாம் நாள் அந்த வீட்டுக்காரியே வாசலில் ஆறு குடத்தையும் ஒரு அண்டாவையும் வரிசையாக வைத்துவிட்டு, "கண்ணு, இப்படி வந்து நின்னு போன்ல பேசேன்" என்று பாவாயியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ஒரு வாரத்தில் தெருவே குடத்தோடு நின்றது, இரண்டாவது வாரத்தில் அடுத்த தெரு வந்து, ஏன் உங்க தெருவுலயே நிக்கோணும், அந்தப் புள்ள என்ன உங்க தெருவுக்கு மட்டுமா பொறந்துச்சு என்று கேட்டது, மூன்றாவது வாரத்தில் ஊராட்சித் தலைவர் ருக்மணி தலையிட வேண்டியதாயிற்று.

ருக்மணி நல்ல மனுஷி, குரல்தான் கொஞ்சம் பெரிசு. தண்ணீர் கொண்டு வருவேன் என்று சொல்லி ஓட்டு வாங்கி, மூன்று வருஷமாகத் தண்ணீர் கொண்டு வர முடியாமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தவர். அவர் ஊராட்சி அலுவலகத்துப் பலகையில் அட்டவணை எழுதிப் போட்டார்: திங்கள் காளியம்மன் கோயில் தெரு, செவ்வாய் பள்ளிக்கூடத் தெரு, புதன் மேட்டுத் தெரு, இப்படியே வாரம் முழுக்க. நாலு மணிக்கு அந்தந்தத் தெருவில் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, பாவாயியை உட்கார வைத்தார்கள். வெயில் நேரத்தில் டீக்கடைப் பெஞ்சு அவளுக்கென்றே காலியாக இருந்தது, ஏனென்றால் அவள் உட்கார்ந்தால் கடைக்கே நிழல். கல்யாணக்காரர்கள் அவளுக்கு இரண்டு பத்திரிகை வைத்தார்கள், ஒன்று வரச்சொல்லி, இன்னொன்று நாலு மணிக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடச் சொல்லி. அவரைக்கொடி கூரை ஏறியது, கீரை வந்தது, கோடை மத்தியில் ஊத்துக்கரட்டில் முதன்முதலாகத் தவளை கத்தியது. நகரத்திலிருந்து வந்த வானிலைக்காரர் ஒருவர் மேகத்தை ஒரு மணி நேரம் பார்த்து, நோட்டில் "சிறியது" என்று எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வீட்டார்களும் வந்தார்கள். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு மஞ்சள் வியாபாரி பெண்ணைப் பார்க்காமலே திண்டுக்கட்டையில் சாய்ந்துகொண்டு, "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங். கல்யாணத்துக்கு அப்புறம் மேகமும் கூடவே வந்துருமில்லீங்?" என்று கேட்டார். அத்தியப்பன் எழுந்து, "வண்டிக்கு நேரமாச்சுங்" என்றார். அவர்கள் காரில்தான் வந்திருந்தார்கள்.

இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவில் பாவாயிக்கு ஒரு சங்கடம். அவளிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் அவள் உச்சிக்கு மேலே பார்த்துத்தான் பேசினார்கள். சாப்பிட்டியா என்று கேட்கும்போதும் கண் மேலே, எப்ப வந்தே என்று கேட்கும்போதும் கண் மேலே. வேலை என்ன ஆச்சு என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இனி எதுக்கு வேலை என்பதுபோல் ஊரே அவள் உரிமத்தை மறந்துவிட்டது. அவளும் சில நாள் மறந்துபோனாள், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் பொன்னுரங்கம் போர்வெல்ஸ் முதலாளி பொன்னுரங்கம் விமானம் வாங்கினார்.

அவர் ஒற்றை லாரியில் ஆரம்பித்து நாற்பது லாரி வைத்திருப்பவர். ஒரே வாரத்தில் ராய்ப்பூரிலும் ஜோத்பூரிலும் நைரோபியிலும் குழி பார்க்க வேண்டியிருந்தது, பஸ் மாதிரி சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்று தோன்றியது, எட்டு இருக்கை ஜெட் ஒன்றை வாங்கிவிட்டார். கல்லாங்காடு நானூறு ஏக்கர் சும்மா கிடந்தது, அதில் ஓடுதளம் போட்டார். விமானம் வெள்ளை வெளேரென்று வந்து இறங்கிய அன்றைக்கு மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மூக்கில் சந்தனம் பூசி, பூசணிக்காய் சுற்றிப் போட்டார்கள். கோட்டயத்துக்காரரான கேப்டன் வர்கீஸ் மூக்குச் சந்தனத்தில் ஏதோ ஒரு துளை அடைபட்டுவிட்டதென்று மலையாளத்தில் கத்தினார், பிறகு பழகிக்கொண்டார்.

அந்த மாதிரி விமானத்தை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். வர்கீஸ் ஒருவர், துணை விமானி ஒருவர். இங்கேதான் சிக்கல். பொன்னுரங்கம் டிரைவரிலிருந்து கணக்குப்பிள்ளை வரைக்கும் எந்த ஆளையும் தேங்காய் வைத்துத்தான் எடுப்பார். நிலத்தில் நீரோட்டம் பார்க்கிறவர்கள் குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார்கள், அடியில் தண்ணீர் இருந்தால் காய் தானாக எழுந்து நிற்கும். அந்தக் கலையில் பொன்னுரங்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது. மண்ணுக்குச் சொல்கிற காய் மனுஷனுக்குச் சொல்லாதா என்று அவர் வேலை கேட்டு வருகிறவனை எதிரில் நிறுத்திக் காயைக் கையில் வைப்பார். எழுந்தால் ஆள் ஊற்று. படுத்தே கிடந்தால் ஆள் பொய்த்துப்போன குழி, சாப்பாடு போட்டு அனுப்பிவிட வேண்டியதுதான். காயை அவர் சொந்தமாகக் கொண்டு வரக்கூடாது, ஊரில் மூத்த பொறுப்பில் இருக்கிறவர் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது முறை.

சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஒன்பது விமானிகள் வந்தார்கள், ஒன்பது பேருக்கும் காய் எழவில்லை. ஒன்பது பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். விமானம் ஒரு மாதமாகக் கொட்டகையில் நின்றது. வர்கீஸ் தினமும் அதைத் துடைத்துவிட்டு, லாரி டிரைவர்களோடு சீட்டு ஆடினார்.

பாவாயி விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள் என்ற செய்தி கிடைத்ததும் ஊர் திடுக்கிட்டது. மேகம் வந்தபோது திடுக்கிடாத ஊர் அது. அன்றைக்கே ருக்மணி அவள் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அம்மணி, நெனச்சுப் பாரு. நீ ராய்ப்பூர், ஜோத்பூருன்னு போயிட்டீன்னா மேகமும் உன்ற கூடத்தான வரும்? அப்புறம் இந்த ஊரு என்னாவுறது?"

"மேகத்த நான் கூப்பிடலீங் தலைவரம்மா. அதுவா வந்துச்சு."

"அதுவா வந்ததத்தான் கண்ணு புடிச்சு வெச்சுக்கோணும்."

"நான் ஆறு வருசமா வேலை தேடறனுங்" என்றாள் பாவாயி.

"தேடு, தேடு, யாரு வேண்டாம்னா?" என்றார் ருக்மணி, கிடைக்காதவரை தேடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்கிற குரலில்.

நேர்முகத்துக்குச் சித்திரை கடைசி வெள்ளிக்கிழமை குறித்தார்கள். காலை ஒன்பது மணிக்குப் பாவாயி வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டு, உரிமத்தையும் பறப்பு ஏட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, பொன்னுரங்கத்தின் லாரிப் பட்டறை முற்றத்துக்குள் நுழைந்தாள், மேகம் கேட்டுக்கு மேலே எக்கிக்கொண்டு பின்னால் வந்தது, அதற்குப் பின்னால் ஊரே வந்தது. அத்தியப்பன் சலவை வேட்டியில் ஒரு லாரிச் சக்கரத்தின் ஓரமாக நின்றார். நாற்காலியில் பொன்னுரங்கம், பக்கத்தில் வர்கீஸ்.

வர்கீஸ் கேள்வி கேட்டார். ஏறும்போது ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வாய், இறக்கையில் பனிக்கட்டி பிடித்தால் என்ன செய்வாய், முதலாளி அவசரம் என்கிறார், வானிலை வேண்டாம் என்கிறது, யார் பேச்சைக் கேட்பாய்? கடைசிக் கேள்விக்கு அவள் பொன்னுரங்கத்தைப் பார்த்து, "வானிலை பேச்சைத்தானுங். முதலாளி கோவிச்சாலும் உசுரோட இருந்து கோவிச்சுக்கட்டும்" என்றாள். பொன்னுரங்கம் சிரித்துவிட்டார். வர்கீஸ் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார், பிறகு பேனாவை மூடி, மேலே பார்த்து, "எல்லாம் சரி. நாங்கள் மேகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள், நீ மேகத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறாய், அதுதான் யோசனை" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைக் கீழே இறக்க அவரும் மறந்துபோனார்.

"அதக் காய் சொல்லிப்போடும்" என்றார் பொன்னுரங்கம்.

ருக்மணி வெற்றிலை, பாக்கு, குடுமித் தேங்காயோடு தட்டை நீட்டினார். பொன்னுரங்கம் மேகத்தை அண்ணாந்து பார்த்தபடியே காயை எடுத்து, உள்ளங்கையில் படுக்க வைத்து, கையை நீட்டிப் பாவாயியின் எதிரில் நின்றார். காய் அசையவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்குகிற ஆள் மாதிரி உள்ளங்கையில் நன்றாகப் படுத்துக் கிடந்தது. அவர் ஒரு அடி முன்னால் வந்தார், இரண்டு அடி பின்னால் போனார், இடம் வந்தார், வலம் வந்தார், காய்க்கு விழிப்பே வரவில்லை. கூட்டத்தில் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அத்தியப்பன் முப்பது வருஷமாகத் தேங்காய் எழுவதையும் எழாததையும் பார்த்தவர். சக்கரத்தோரத்திலிருந்தே அந்தக் காயின் நிறம் அவருக்கு என்னவோ போல இருந்தது. ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் ஊர். அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"முதலாளி, ஒரு நிமிசமுங். காய ஆட்டிப் பாத்தீங்களா?"

பொன்னுரங்கம் கையிலிருந்த காயைப் பார்த்தார். காதருகே கொண்டுபோய் ஆட்டினார். தண்ணீர் தளும்பும் சத்தம் இல்லை, உள்ளே காய்ந்துபோன பருப்பு ஓட்டில் முட்டிக் கடகடவென்றது. எண்ணெய் ஆட்டப் போட்டு வைத்த கொப்பரை. முற்றத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும், சின்னக் குழந்தைக்குக்கூட, அந்தச் சத்தம் தெரியும். தண்ணீர் இல்லாத காய் எந்தத் தண்ணீருக்கும் எழாது.

பொன்னுரங்கத்தின் முகம் சிவந்துவிட்டது. "முப்பத்திரண்டு வருசமா ஆட்டாம ஒரு காயக் கையில வெச்சதில்ல. ஒரு நாள்கூட இல்ல. இன்னைக்கு எப்படி விட்டேன்?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். பிறகு பதிலும் அவரே சொன்னார். "மேகத்தப் பாத்துட்டே வாங்கிட்டேன்."

வர்கீஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஆளை எடுத்தாச்சு" என்றார்.

"காய் இன்னும் சொல்லலீங்களே?"

"காய் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டது, சாரே. மேலே போனால் என் முன்னால் கருவிகளில் நூறு முள் ஆடும். என்றைக்கோ ஒரு நாள் அதில் ஒரு முள் பொய் சொல்லும். அது பொய் என்று தெரியாமல் அதையே நம்பி மலையில் முட்டினவர்களை எனக்குத் தெரியும், நல்ல விமானிகள். ஊரே ஒரு முள்ளை நம்பிக்கொண்டு நிற்கும்போது, கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வலது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். வேலை போனாலும் போகட்டும் என்று முதலாளியிடமே சொல்கிற ஆள். ஒன்பது பேரில் ஒருத்தன் காயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டானா? அவனவன் காயைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சோறு தின்னப் போனான்."

ருக்மணி தட்டைக் கீழே வைத்தார். "நான்தான் மாத்துனேன்" என்றார், அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "மூணு வருசமாத் தண்ணி தண்ணின்னு எல்லாருகிட்டயும் பேச்சு வாங்கி, இப்பத்தான் நாலு பேரு தலைவரம்மான்னு மதிச்சுக் கூப்புடறாங்க. அந்த மேகம் போயிருமேன்னு…"

பாவாயிக்குக் கோபம் வந்தது, கோபத்தோடு அழுகையும் வந்தது. "தலைவரம்மா, ரெண்டரை மாசமா இந்த ஊருல ஒருத்தராச்சும் என்ற மூஞ்சியப் பாத்துப் பேசுனீங்களா? நான் வெளுத்துட்டனா கறுத்துட்டனான்னு யாருக்காச்சும் தெரியுமா? நான் வேலைக்குப் போவோணும். பறக்கோணும். அதுக்குத்தான் எங்கப்பா காட்ட வித்தாரு. மேகம் வேணும்னா மேகத்துகிட்டப் பேசிக்குங்க. என்னைய விட்டுருங்க!"

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். உண்மையாகவே பார்த்தார்கள், கொஞ்சம் கறுத்துத்தான் போயிருந்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்து மேகம், நாலு மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும்போது, என்ன நினைத்துக்கொண்டதோ, சடசடவென்று பெய்துவிட்டது, எல்லோருடைய கண்ணும் மறுபடி மேலே போய்விட்டது. பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பொன்னுரங்கம் நல்ல காய் ஒன்றைத் தருவித்தார். ஆட்டினார், தளும்பியது. உள்ளங்கை வரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டு, அதை அவளிடம் நீட்டினார். "வேண்டாம். நீயே புள்ளையாருக்கு ஒடச்சுப்போடு, அம்மணி. வைகாசி ஒண்ணாந் தேதி பயிற்சிக்குப் போ." காய் எழாமல் பொன்னுரங்கம் போர்வெல்ஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆள் பாவாயிதான்.

அந்த விமானத்துக்கென்று இருக்கும் தனிப் பயிற்சிக்கு அவள் இரண்டு மாதம் பெங்களூருக்குப் போனாள், மேகமும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனது. பயிற்சி நடந்தது கட்டிடத்துக்குள்ளேயே, தரையில் நிற்கும் ஒரு பொய் விமானத்தில். மேகம் கூரைமேல் காத்திருந்து நாலு மணிக்குப் பெய்தது, அந்த ஊர்க்காரர்கள் சாயந்திரம் மழை பெய்வது இயற்கைதானே என்று குடையை விரித்தார்கள். இங்கே ஊத்துக்கரட்டில் அவரைக்கொடி காய்ந்தது, தவளை வாயை மூடிக்கொண்டது, பலகையில் இருந்த அட்டவணையின் மேல் தூசி படிந்தது. முதல் வாரம் ஊர்க்காரர்கள் அத்தியப்பனை வழியில் நிறுத்தி, "மேகம் சௌக்கியமா?" என்று கேட்டார்கள். மூன்றாவது வாரம், "மேகமும் பாப்பாவும் சௌக்கியமா?" என்றார்கள். ஐந்தாவது வாரம் பள்ளிக்கூடத் தெருவில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்து உள்ளே வைக்கப்போன ஒருத்தி, "நாலு மணிக்குக் காபி குடிச்சுட்டே கணக்குச் சொல்லிக் கொடுக்கும், என்ற பையன் அப்படித்தான் பாசானான்" என்று சொல்லி நாற்காலியைத் துடைத்தாள். ஆறாவது வாரம் ருக்மணியே அத்தியப்பனின் வீட்டுக்கு வந்து, "புள்ளைக்கு அந்த ஊருச் சாப்பாடு ஒத்துக்குதாமா? இந்த ஊறுகாயக் குடுத்துவிடுங்" என்று ஒரு ஜாடியை வைத்துவிட்டுப் போனார், மேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க மறந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் உணர்ந்தார்.

ஆடி பிறந்துவிட்டால் புதுக் காரியம் தொடங்கக்கூடாது என்று ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில், காலை பத்தரைக்கு, முதல் பயணம் வைத்தார் பொன்னுரங்கம். கல்லாங்காட்டில் வேலிக்கு வெளியே ஊரே நின்றது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, சந்தனம் இந்தத் தடவை துளைகளைத் தவிர்த்து வர்கீஸ் காட்டிய இடத்தில் பூசப்பட்டது. மேகத்தோடு ஊர் திரும்பியிருந்த பாவாயி தோளில் மூன்று பொன்னிறக் கோடுகளோடு விமானத்தைச் சுற்றி வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாள், இறக்கையைத் தடவிப் பார்த்தாள், வேலியருகே வந்து "போயிட்டு வாறனுங்கப்பா" என்றாள். அத்தியப்பன் தலையை ஆட்டினார். ருக்மணி அவள் முகத்தை நேராகப் பார்த்து, "பைய ஓட்டு கண்ணு" என்றார், ஏதோ மொபெட்டில் சந்தைக்கு அனுப்புவதுபோல.

வர்கீஸ் அவளிடமே விட்டார். விமானம் உறுமியது, ஓடியது, மேகம் அதன் மூக்குக்கு மேலே கூடவே ஓடியது, தாயைத் துரத்தும் கன்றுக்குட்டிபோல முதுகு குலுங்க ஓடுதளத்தின் கடைசி வரைக்கும் ஓடியது. கடைசியில் விமானம் தரையை விட்டது, பனைமரத்தைத் தாண்டியது, மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. மேகம் அதன் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் திரும்பிப் பார்த்தது, பிறகு மெதுவாகத் திரும்பி வந்து, வேலியோரம் அத்தியப்பனின் தலைக்கு மேலே, ஊர் முழுவதற்கும் மேலே, நின்றுகொண்டது.

"நின்னுருச்சு" என்றார் வெங்கிடுபதி. ஊர் நாலு மாதமாகச் சாமியிடம் கேட்டது அதுதான், மேகம் போகக்கூடாது, இங்கேயே நிற்க வேண்டும். நின்றுவிட்டது. ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை. மேற்கேயிருந்து உறுமல் சத்தம் திரும்ப வந்துகொண்டிருந்தது, ஊருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போக வர்கீஸ் அனுமதி வாங்கியிருந்தார், நம்ம புள்ள சுத்துது, நம்ம ஊரத்தான் சுத்துது என்று குரல்கள் எழுந்தன, எல்லோரும் அண்ணாந்தார்கள், அண்ணாந்த இடத்தில் மேகத்தின் சாம்பல் நிற வயிறுதான் இருந்தது. சத்தம் மட்டும் தலைக்கு நேர் மேலே போய்க்கொண்டிருந்தது.

"மறைக்குது!" என்றாள் ஒருத்தி.

"அட, அக்கட்டால போ!" என்றார் வெங்கிடுபதி மேகத்தைப் பார்த்து.

ருக்மணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, ஊருக்குத் தண்ணீர் கொண்டு வந்த அந்த மேகத்தைக் காக்காய் விரட்டுவதுபோல விரட்டினார். "தள்ளு! தள்ளு சாமி! எங்க புள்ள போறது தெரியலை, தள்ளு!" அத்தியப்பன் துண்டை எடுத்து வீசினார், குழந்தைகள் கத்தினார்கள், லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள், மேகம் மிரண்டுபோய் ஒரு பக்கமாக ஒதுங்கியது.

நீல வானத்தில் வெள்ளையாக, வெயிலில் மின்னிக்கொண்டு, ஒரு பக்க இறக்கையைச் சாய்த்தபடி பாவாயி போய்க்கொண்டிருந்தாள். ஊத்துக்கரடு முழுவதும் புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய, அவள் ஒரு புள்ளியாகி மறைகிறவரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. மேகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.